அன்னை கஸ்தூரிபாவும் வைத்தியர்களும்

காந்தியடிகள் தம் மனைவியாருக்குத் தாமே பிரசவம் பார்த்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. வைத்தியரை நம்பாதவர்களுக்கு இதனினும் பெரிய சான்று அகப்படாது. ஆயின், அன்று வேதனையுற்றவர் காந்தியடிகள் அல்லர், கஸ்தூரிபா அம்மையாரே. 2018-இல் திருப்பூரில் வீட்டிலேயே நடத்தப்பெற்ற பிரசவமொன்றில் தாய் உயிரிழந்த செய்தியைப் படித்த நாம், அவ்வம்மையாரின் சரித்திரத்தை அவர் பக்கமிருந்து நோக்குதல் அவசியமென்று கருதுகிறோம்.

1869-இல் போர்பந்தரில் ஒரு வணிகர் குடும்பத்தில் கஸ்தூரிபா பிறந்தார். பதின்மூன்று வயதில் மணம் முடிந்தது. 1885-இல் பிறந்த முதற் குழந்தை மூன்று நான்கு நாட்களுக்கு மேல் உயிர் தரிக்கவில்லை. பின்னர் பிறந்த புதல்வர் நால்வரில் கடைசியானவர் தேவதாஸ்.

தேவதாஸ் பிறந்தது 1900-ஆம் ஆண்டு மே மாதத்தில், தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் நகரில். நல்ல வைத்தியரையும் மருத்துவச்சியையும் வைத்துக்கொள்வதென்றே தம்பதிகள் முன்னமே தீர்மானித்திருந்தனர். ஆனால் வலி திடீரென்று கண்டது. வைத்தியர் உடனே கிடைக்கவில்லை. மருத்துவச்சியை அழைத்துவரவும் நேரமாகிவிட்டது. காந்தியடிகளே குழந்தையை ஏந்த வேண்டியதாயிற்று. அவர் கலங்கவில்லை. டாக்டர் திரிபுவனதாஸ் என்பவர் தாய்மார்களுக்காகக் குஜராத்தியில் எழுதிய நூலை அவர் ஊன்றிப் படித்திருந்தார். தரும ஆஸ்பத்திரி ஒன்றில் நாள்தோறும் ஊழியம் செய்து பழகியுமிருந்தார். ஆகவே வைத்தியர் வேண்டாமென்று விலக்கிய பிரசவமன்று அது. அவர் வந்துசேராத பிரசவம். அப்போது கைகொடுத்த நூலும் ஒரு வைத்தியர் எழுதியதே என்பதை அன்பர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வைத்தியரிடம் அவநம்பிக்கை கொள்ள நியாயமான காரணம் கஸ்தூரிபாவுக்குப் பின்னரே நேர்ந்தது. உதிரப்போக்கினால் நெடுநாள் வருந்திய அவருக்கு 1909-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டர்பனில் ரணசிகிச்சை நடந்தது. உடல் மிக மெலிந்திருந்தமையால் மயக்க மருந்து கொடாமலே கத்தி வைத்தனர். அவ்வளவையும் அம்மையார் பொறுத்துக்கொண்டார். சில நாட்களுக்குப் பின், ஜோஹானஸ்பர்க்கிலிருந்த காந்தியடிகளிடம் மாட்டிறைச்சி ரசம் கொடுக்க அனுமதி வேண்டுமென்று டாக்டர் தொலைபேசியில் கேட்டார். நோயாளியையே கேட்கலாமென்றார் கணவர். நோயாளியைக் கேட்டு ஆகாரம் கொடுப்பது தம் வழக்கமன்று என்றார் டாக்டர். காந்தியடிகள் ரயிலேறி டர்பன் வந்து சேர்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. அனுமதி கேட்பதற்கு முன்பே அந்த ரசம் அம்மையாருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது!

வைணவ ஆசாரத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இது எத்தகைய கொடுமை என்பதைச் சொல்ல வேண்டுமோ? டாக்டர் கெட்டவரல்லர், உயிரைக் காக்கவே செய்தார். எனினும் கேளாமற் செய்தாரே, அதுதான் குற்றம். காந்தியடிகள் கேட்டார். உயிர் போவதானாலும் அதைத் தொடேன், உடனே அழைத்துச் செல்லுங்கள் என்பதே அம்மையாரின் முடிவு. தூறும் மழையில் ரிக்ஷாவிலும், பின்னர் ரயிலிலும், அப்பால் தூளியிலுமாக எலும்புந்தோலுமாயிருந்த அவரைப் பீனிக்ஸ் பண்ணைக்குக் கொண்டுசேர்த்தனர். நீர்ச் சிகிச்சையில் மெல்லத் தேறினார்.

அதே ஆண்டின் இறுதியில் எழுதிய இந்திய சுயராஜ்யம் என்னும் நூலில் காந்தியடிகள் வைத்தியர்களையும் ஆஸ்பத்திரிகளையும் கடுமையாகக் கண்டித்தார். டர்பன் அனுபவம் அவர் நெஞ்சில் இருந்திருக்குமென்பது நமது ஊகம். ஆனால் 1924-இல் குடல்வால் நோய் கண்டபோது பூனாவில் ஆங்கிலேய டாக்டரின் கத்திக்குத் தம்மை ஒப்புவித்துப் பிழைத்தவரும் அவரே. அவருடைய கொள்கைக்கு அவர் வாழ்க்கை முற்றும் கட்டுப்படவில்லை. நல்லதாயிற்று!

கஸ்தூரிபாவோ கொள்கைகளை எழுதி வைத்தவரல்லர். 1942-இல் சிறைப்பட்டு ஆகாகான் மாளிகையில் அடைக்கப்பட்ட அவருக்கு இருதயம் தளர்ந்தது. டாக்டர் கில்டரும் டாக்டர் சுசீலா நய்யாரும் உடனிருந்து பார்த்தனர். ஆயுர்வேத வைத்தியரும் வேண்டுமென்று அவர் கேட்டார். அன்னிய அரசாங்கம் அதற்கும் காலங்கடத்தியது. கடைசியில் கல்கத்தாவிலிருந்து பென்சிலின் என்னும் புதுமருந்து விமானத்தில் வந்தது. அதைக் கொடுக்க வேண்டுமென்று மன்றாடியவர் தேவதாஸ். சில மணிக்கொருமுறை ஊசி குத்த வேண்டுமென்றறிந்ததும் வேண்டாமென்று தடுத்தவர் தந்தையார். 1900-இல் யார் கைகள் ஏந்தினவோ அவரோடு, தாயின் உயிருக்காக மகன் வழக்காட வேண்டியிருந்தது. அவ்விடத்தில் நமது மனம் மகன் பக்கமே சாய்கிறது. 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி, சிவராத்திரியன்று, கணவர் மடியில் அன்னையார் உயிர் நீத்தார்.

சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆண் வைத்தியர் முன் வர மறுத்து வீட்டிலேயே மாண்டுகொண்டிருந்த கோஷாப் பெண்களுக்காக, மேரி ஷார்லீப் என்ற பெண் டாக்டரின் முயற்சியால் 1885-இல் ஏற்பட்டது அது. அப்பெண்களை அறிவிலிகளென்று அவர் ஏசவில்லை; அவர்கள் நம்பி வரத்தக்க இடமொன்றை அமைத்துக் கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரி இன்று கஸ்தூரிபா அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.