தண்ணீர் போகும் பாதை: ஜெட் படகு தந்த ஹாமில்டன்

சாதனையாளர் என்றதும் எடிசன், ஃபோர்டு என்று ஆரம்பித்துவிடுவோம். நான் எடுத்துக்கொண்டது ஓர் ஆட்டுப் பண்ணைக்காரரை. பொறியியல் கல்லூரியில் படிக்காமல் தானே கற்றுக்கொண்டவர் அவர். மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு அவரிடம் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம்.

பில் ஹாமில்டன் 1899-ல் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் பிறந்தார். 1921-ல் மெக்கன்சி மலைநாட்டில் அயரிஷ்மேன் கிரீக் என்ற பண்ணையை வாங்கினார். ஆடு மேய்க்கும் இடத்தில் ஒரு பட்டறை! அதற்குக் கரண்ட் வேண்டுமே? ஓடையை மறித்து அணை கட்டி, தானே மின்சாரம் எடுத்துக்கொண்டார். மண் வாரும் இயந்திரங்கள் செய்தார். பந்தயக் கார் ஓட்டுவதிலும் கெட்டிக்காரர்.

அந்த ஊர் ஆறுகள் வேகமானவை, ஆழம் குறைந்தவை. சாதாரணப் படகு போனால் புரொப்பல்லர் கல்லில் அடிபட்டுப் போகும். ஆகவே, படகின் அடியில் தண்ணீரை உறிஞ்சி, பம்ப் மூலம் பின்பக்கம் பீய்ச்சித் தள்ளும் முறையை 1950-களில் கையில் எடுத்தார். அமெரிக்காவில் அப்படி ஒரு ஜெட் ஏற்கெனவே இருந்தது. அதில் தண்ணீர் படகுக்கு அடியில் பீய்ச்சியது, வேகம் வரவில்லை. பீய்ச்சும் வாயை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கொண்டுபோகலாமே என்றார் அவரிடம் வேலை பார்த்த ஒருவர். முதலாளி என்ற கௌரவம் பார்க்காமல் ஹாமில்டன் மாற்றிப் பார்த்தார். படகு பறந்தது!

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். ஜெட் படகில் எஞ்சின் படகுக்கு உள்ளேயே இருக்கிறது. பல படகுகளில், ஓட்டுகிற ஜெட் தண்ணீரிலிருந்தே ஒரு சிறு பங்கைப் பிரித்து எஞ்சினைக் குளிரவைக்கிறார்கள். ஆற்றுப் பாய்ச்சலுக்கு நடுவில் சூடேறி எஞ்சின் நின்றால் கதை கந்தல். ஸ்டியரிங்கும் அந்த ஜெட்தான், தனியாகச் சுக்கான் கிடையாது. படகு பாறையைப் பார்த்துப் போகும்.

சூடேறினால் என்ன செய்வது? ஸ்பேனரைத் தூக்குவதற்கு முன்னால் தண்ணீர் போகிற வழியை மனசுக்குள் நடந்து பாருங்கள். முதலில் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்று ஏறுகிறது, படகு மட்டும் நகர மாட்டேன் என்கிறதா? அடியிலுள்ள கம்பித் தடுப்பில் பாசியோ கூழாங்கல்லோ அடைத்திருக்கும். படகு நன்றாக ஓடுகிறது, சூடு மட்டும் ஏறுகிறதா? அப்படியானால் எஞ்சினுக்குப் போகும் வடிகட்டியில் மணல் சேர்ந்திருக்கலாம், அல்லது ஹோஸ் மடங்கியிருக்கலாம். வெளியே வரும் தண்ணீர் குறைந்திருப்பதே சாட்சி. தண்ணீரும் தாராளமாக வருகிறது, அப்பவும் சூடுதான் என்றால் தெர்மோஸ்டாட், பிளாக்கில் படிந்த வண்டல், ஹெட் கேஸ்கெட் என்று வரிசையாகப் பாருங்கள். மெதுவாகப் போகையில் மட்டும் சூடாகிறதா? குறைந்த சுற்றில் ஜெட்டின் அழுத்தமே குறைவு. இம்பெல்லர் தேய்ந்திருந்தால் இன்னும் குறையும். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு யோசிப்பது வைத்தியம் ஆகாது!

1960-ல் ஹாமில்டன் ஜெட் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் வழியாக நீரோட்டத்தை எதிர்த்து ஏறின. 1977-ல் எட்மண்ட் ஹிலாரி குழுவினர் மூன்று ஜெட் படகுகளில், வங்கக் கடலிலிருந்து நம் கங்கையில் ஏறி, இமயமலையில் நந்தபிரயாகை அருகே ஓர் அருவி மறிக்கும் வரை போனார்கள்.

1974-ல் 'சர்' பட்டம் பெற்ற ஹாமில்டன், 1978-ல் காலமானார். ஜெட் முறையைத் தானே கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொண்டதில்லை. அந்தப் பெருமையை ஆர்க்கிமிடீசுக்கே கொடுத்தார்.

நண்பர்களே, நாளை நாம் பட்டறையிலோ தொழிற்சாலையிலோ நிற்கப்போகிறோம். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது, எங்கே வெளியேறுகிறது என்று கேட்கப் பழகுவோம். பக்கத்தில் நிற்கும் தொழிலாளி சொல்வதையும் காது கொடுத்துக் கேட்போம். அந்த மாமனிதருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே!