ஆடல் ஆசான் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

எங்கள் வடசேரியில் உருவாகும் கோயில் நகைகளை நீங்கள் அறிவீர்கள். நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் ஒட்டியாணமும் இங்கிருந்தே நாட்டியப் பெண்களைத் தேடிப் பல ஊர்களுக்கும் செல்கின்றன. அவற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கும் பரதம் கற்கும் ஆசை பிறந்தது. ஆனால், முதலாண்டிலேயே வலது முழங்காலில் வலி கண்டது. விட்டுவிடலாமா என்று கலங்கியிருந்த வேளையில்தான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றைப் படித்தேன்.

1869-ஆம் ஆண்டு பிறந்த அவர், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் மரபில் வந்தவர். அவர்களுள் வடிவேலு, அன்று நம் பகுதியையும் ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையை அணிசெய்தவர்.

இக்கலையைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். இளவயது முதலே அடவு பழகியதால் அவர்கள் உடல் ஆடலுக்கேற்ப வளைந்தது. காலம் மாறிற்று. அவர்களுக்குக் கோயிலும் மேடையும் அடைபடலாயின. 1933-இல் சென்னை மியூசிக் அகாடமியில் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் என்னும் சகோதரியர் ஆடியதைக் கண்ட ருக்மிணி தேவி, பிள்ளையிடம் கற்க விழைந்தார். அவருக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது. ஆசானோ அறுபதைக் கடந்தவர். முற்றிய உடலுக்கு அடிப்படையிலிருந்து கற்பிப்பது எளிதன்று. ஆயினும், 1935 இறுதியில் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். பின்னர் சாந்தா ராவ், மிருணாளினி சாராபாய், ராம் கோபால் முதலியோரும் பிள்ளையிடம் பயின்றனர்.

பந்தநல்லூர் பாணியின் சிறப்பே நேரிய அரைமண்டியும் அங்க சுத்தமும்தான். அரைமண்டியில் பாதங்கள் பக்கவாட்டில் திரும்பும்போது முழங்கால்களும் அதே திசையில் விரியவேண்டும். முதுகு நிமிர்ந்திருக்க, உடற்பாரம் இரு கால்களிலும் சமமாக இறங்கவேண்டும். தட்டடவில் ஒரு காலைத் தூக்கும்போது பாரம் முழுவதும் மற்றக் காலுக்கு மாறும். அப்போது இடுப்பு சாயவோ உடல் உயரவோ கூடாது. நாட்டடவில் ஒரு கால் நீண்டு குதிகால் ஊன்றினாலும் மடங்கிய காலே உடலைத் தாங்கும். தட்டுக்கழியின் ஒலிக்கு இவற்றை மூன்று காலங்களிலும் பழகுவது நம் மரபு.

இதன்பின் என் நிலையைக் கண்ணாடியில் பார்த்தேன். பாதம் வெளியே திரும்பியிருக்க, முழங்கால் உள்ளே சரிந்திருந்தது, பாரமெல்லாம் வலக்காலில்! ஆழமாக அமரவேண்டும் என்ற அவசரமே காரணம். என் ஆசிரியையிடம் சொல்லி, குறைவாக அமர்ந்து, முதற்காலத்திலிருந்தே மீண்டும் தொடங்கினேன். வலி மெல்ல அகன்றது.

1954-இல் பிள்ளை மறைந்தார். முப்பது வயதினருக்கும் முதல் அடவிலிருந்து சொல்லிக்கொடுத்த அவரது பொறுமை எனக்குத் துணிவு தந்தது. வடசேரி நகையைச் சூடி நானும் ஒருநாள் ஆடுவேன். அதற்குமுன் என் கால்கள் நேராக நிற்கக் கற்கட்டும்.