ஆமி ஜான்ஸன் அம்மையார்

இரு நகரங்களுக்கிடையேயுள்ள தூரத்தை மைல் கணக்காலும், பிரயாண காலத்தை மணிக் கணக்காலும் அளந்தறிதல் உலக வழக்கு. ஆயின், ஆகாய மார்க்கத்தில் முற்படச் சென்றோர்க்கு அவ்விரு கணக்கும் போதாவென்பதை ஆமி ஜான்ஸன் அம்மையாரின் சரித்திரம் நமக்கு நன்கு புலப்படுத்துகின்றது.

இவர் 1903-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி, இங்கிலாந்திலுள்ள ஹல் என்னும் துறைமுகப்பட்டினத்தில், மீன் வர்த்தகர் ஒருவரின் புதல்வியாய்ப் பிறந்தார். ஷெபீல்டு சர்வகலாசாலையில் பொருளாதாரங் கற்றுப் பி. ஏ. பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் மாநகரில் ஒரு காரியாலயத்தில் வேலைக்கமர்ந்து, ஓய்வு நேரங்களில் விமானமோட்டப் பயின்றார். அதனோடமையாது, இயந்திரத்தைப் பழுதுபார்க்குந் தொழிலையுங் கற்று, 1929-ல் அதற்குரிய அத்தாட்சி பெற்ற முதற் பிரிட்டிஷ் பெண்மணியாயினார்.

1930 மே 5-ஆம் தேதி, லண்டனையடுத்த கிராய்டனிலிருந்து, தன்னந்தனியே ஆஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்டார். அதற்குமுன் அவர் தனித்துப் பறந்த நெடும் பிரயாணம் லண்டனிலிருந்து ஹல் வரையிலேயாம். கடக்கவேண்டிய தூரமோ ஏறக்குறைய 11,000 மைல்! 'ஜேஸன்' என்னும் அவரது சிறு விமானம், தந்தையாரும் வேக்பீல்டு பிரபுவும் உதவிய பொருளால் வாங்கப்பட்டது. ஒற்றை எஞ்சினும் மேற்கூரையற்ற ஆசனமும் உடையது. 1928-ல் பெர்ட் ஹிங்க்லர் என்பார் இம்மார்க்கத்தைப் பதினைந்தரை நாளிற் கடந்திருந்தார். அவரினும் விரைந்து செல்லுதலே அம்மையாரின் நோக்கம்.

ஆறாம் நாள் கராச்சியை அடைந்தபொழுது ஹிங்க்லரினும் இரண்டு நாள் முந்தியிருந்தார். அப்பால் இடையூறுகள் தொடர்ந்தன. எரிபொருள் குறையவே ஜான்ஸியில் இறங்க நேரிட்டது. இரங்கூனுக்கு அண்மையில் இன்செயின் என்னுமிடத்தில், தொழிற்கல்விச் சாலையொன்றின் விளையாட்டு மைதானத்தில் இறங்குகையில், விமானம் பள்ளத்திற் சிக்கிச் சேதமுற்றது. அதனைச் செப்பனிடுவதிலேயே முந்திய நாட்களெல்லாம் கழிந்துபோயின. விரைவுப் பெருமை கைந்நழுவிற்றென்று தெரிந்தும் அவர் திரும்பினாரல்லர்; மே 24-ஆம் தேதி டார்வின் நகரத்தை அடைந்தார். பத்தொன்பதரை நாள் சென்றதாயினும், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனித்துப் பறந்த முதற் பெண்மணி என்னும் புகழ் அவர்க்கே உரியதாயிற்று.

இரண்டாம் உலக யுத்தத்தில், விமானங்களை உரிய தளங்களிற் சேர்ப்பிக்கும் பணியை அவர் மேற்கொண்டார். 1941 ஜனவரி 5-ஆம் தேதி, பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்போர்டையடுத்த கிட்லிங்டனுக்கு ஒரு விமானத்தை ஓட்டிச் சென்றார். அஃது ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணமே. கடுங்குளிரும் மேகமும் சூழ்ந்த அந்நாளில் வழி தவறி, நான்கு மணி நேரத்துக்குப்பின் தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் வீழ்ந்து மாண்டார். அவரைக் காக்கவெண்ணி நீரிற் குதித்த கப்பற்றலைவர் வால்டர் பிளெச்சரும் உயிர் துறந்தார். அம்மையாரின் உடல் கிடைத்திலது.

2018 முதல், லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு ஏறக்குறைய 9,000 மைலை இடையில் நில்லாது பதினேழு மணியளவிற் கடக்கும் விமானங்கள் செல்கின்றன. இவ்வெளிமை நமக்கு வாய்த்தது முன்னோர் துணிவினாலன்றோ? பதினோராயிரம் மைலைக் கடந்தவர்க்கு ஒரு மணி நேர வழி முடிவுறாதுபோயிற்று. ஆதலின், நெடுவழி கண்டு அஞ்சாமையும், குறுவழியென்று அதனை இகழாமையும் நாம் இவர்பாற் கற்கத்தக்கனவாம்.