நோய்க்குப் பெயர் தந்த மேதை

(இளநிலை விலங்கியல், இரண்டாமாண்டு)

ஊருக்கும் தெருவுக்கும் பெயராக நிலைத்தவர் பலர். ஒரு நோய்க்குப் பெயராகி, அந்தப் பெயராலேயே உயிர்களைக் காப்பவர் சிலரே. அத்தகையோருள் ஒருவர் அமெரிக்க மருத்துவ மேதை ஹார்வி குஷிங். அவர் பெயரை நான் முதன்முதலில் வகுப்பறையில் கேட்கவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கேட்டேன்.

என் அக்காவுக்கு இரண்டு ஆண்டுகளாக முகம் முழுநிலவுபோல் உருண்டு வந்தது. வயிறு பருத்தது; கை கால்களோ மெலிந்தன. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப் போயிற்று. உட்கார்ந்து தின்று கொழுக்கிறாள் என்று ஊரார் பேசினர். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்: நானும் கேலி செய்தவனே. மருத்துவர் ஒருவர் மட்டும் அக்காவின் பழைய புகைப்படத்தைக் கொண்டுவரச் சொன்னார். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அருகில் நின்ற பயிற்சி மருத்துவரிடம் குஷிங் என்றார். ஏதோ சீனச் சொல் போலும் என்று எண்ணிக்கொண்டு நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

குஷிங் 1869-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், பத்துக் குழந்தைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தையும் பாட்டனாரும் மருத்துவர்கள். என்னைப் போல வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். ஆயினும் தோல்வி அவரையும் விட்டுவைக்கவில்லை. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மாணவராக இருந்தபோது, அவர் ஈதர் மயக்க மருந்து கொடுத்த நோயாளி ஒருவர் இறந்துவிட்டார். அத்துயரிலிருந்து அவர் ஒரு பாடம் கற்றார். உடன் பயின்ற காட்மன் என்பவருடன் சேர்ந்து, அறுவையின்போது நோயாளியின் நாடித்துடிப்பை இடைவிடாமல் குறித்து வைக்கும் அட்டவணையை உருவாக்கினார். 1901-இல் இத்தாலியின் பாவியா நகரில் ரீவா-ரோச்சியின் இரத்த அழுத்தக் கருவியைக் கண்டு, அதனை அமெரிக்காவுக்குக் கொண்டு சேர்த்தார்.

மூளை அறுவை என்றாலே மரணம் என்று மக்கள் அஞ்சிய காலம் அது. இரத்தப் போக்கைத் தடுக்க வெள்ளிக் கவ்விகளையும், பின்னர் போவி என்பார் அமைத்த மின்கருவியையும் பயன்படுத்தி, குஷிங் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மூளைக் கட்டி நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார். 1926-ஆம் ஆண்டு அவருக்குப் புகழும் துயரமும் ஒருங்கே வந்தன. தம் ஆசான் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியமைக்காகப் புலிட்சர் பரிசு பெற்றார். அதே ஆண்டில் மூத்த மகன் கார் விபத்தில் மாண்டான். செய்தி கேட்ட அன்றும் தமக்காகக் காத்திருந்த நோயாளிக்கு அறுவை செய்த பின்னரே அவர் வீடு திரும்பினார்.

இனி என் அக்காவின் கதையைத் தொடும் பகுதிக்கு வருகிறேன். 1912-இல் வெளியிட்ட நூலில் 23 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றிக் குஷிங் எழுதினார். பருத்த உடல், முகத்தில் முடி, நின்றுபோன மாதவிலக்கு! பிறர் விகாரம் என்று முகம் திருப்பியதை அவர் தடயமாகக் கண்டார். நோயாளிகளைப் புகைப்படம் எடுத்து வைப்பது அவர் வழக்கம். இருபது ஆண்டுகள் அந்தப் புதிரை மறவாதிருந்து, 1932-இல் 12 நோயாளிகளின் வரலாறுகளைத் தொகுத்து, மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சிறு கட்டியே காரணம் என்று அறிவித்தார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். 1939 அக்டோபர் 7-ஆம் நாள் மறைந்தார்.

பிட்யூட்டரி கட்டி எவ்வாறு உடலைப் பருக்கச் செய்கிறது? சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருப்பவை இரண்டு அட்ரீனல் சுரப்பிகள். பிட்யூட்டரி அவற்றைத் தூண்ட, அவை கார்டிசால் என்னும் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. சிலருக்கு அட்ரீனலிலேயே கட்டி தோன்றி, தூண்டுவாரின்றித் தானே கார்டிசாலைப் பொழியும். தோற்றம் ஒன்று, வேர் வேறு. நோயின் முதலையும் நாட வேண்டும் என்ற வள்ளுவர் நெறி இங்கே எவ்வளவு பொருந்துகிறது!

அட்ரீனல் கட்டிகள் யாவும் ஒருதன்மையன அல்ல. பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை. ஹார்மோன் சுரக்காத சிறு கட்டிகளைக் கண்காணித்தால் போதும். சில ஆல்டோஸ்டீரோன் சுரந்து இரத்த அழுத்தத்தை உயர்த்தும். இதனை 1955-இல் கான் என்பவர் விளக்கினார். வேறு சில அட்ரீனலின் வகை ஹார்மோன்களைப் பாய்ச்சி, திடீர்ப் படபடப்பும் தலைவலியும் வியர்வையும் தரும். இவ்வகையினருக்கு மருந்தால் இரத்த அழுத்தத்தை அடக்கிய பின்னரே கத்தியைத் தொடுவர்.

அக்காவுக்கு இரத்தம், சிறுநீர், ஸ்கேன் சோதனைகளில் இடப்பக்க அட்ரீனலில் கட்டி தெரிந்தது. வயிற்றில் சிறு துளைகளிட்டு அதனை அகற்றினர். கட்டி போயிற்றே, மாத்திரை எதற்கு என்று அம்மா கேட்டார். கட்டி வேலை செய்த காலமெல்லாம் மற்றச் சுரப்பி உறங்கிவிட்டதாம். அது விழித்தெழும்வரை ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. குஷிங் காலத்தில் இம்மருந்து இல்லை. கட்டியை எடுத்தும் மாண்டவர் உண்டு. கார்டிசோன் ஆய்வுக்காக ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டீன் ஆகிய மூவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இன்று அக்காவின் முகம் மெல்ல மெல்லப் பழைய படத்தை நெருங்கி வருகிறது. நேற்று அவள் கையூன்றாமல் எழுந்தாள். நண்பர்களே, ஒருவர் உடலைக் கண்டு நகைக்க நமக்கு நொடிப்பொழுது போதும். குஷிங்கோ இருபது ஆண்டுகள் உற்றுப் பார்த்தார். அறிவியல் பயிலும் நாம் யாரைப் பின்பற்றப் போகிறோம்? நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.