15 நாள் பால் இல்லை!

குஜராத் மாநிலம் ஆனந்தில் 1903-ம் ஆண்டு பிறந்தவர் திரிபுவன்தாஸ் படேல். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்.

அந்நாளில் கேடா மாவட்டத்துப் பாலை பம்பாய்க்கு அனுப்பும் உரிமை போல்சன் கம்பெனி ஒன்றுக்கே இருந்தது. தரகர் வைத்ததுதான் விலை. எருமை வளர்த்தவன் கையில் மிஞ்சியது சொற்பம்.

சங்கம் சேர்ந்து தாங்களே விற்கும்படி சர்தார் படேல் யோசனை சொன்னார். அரசு இணங்கவில்லை. 1946-ல் விவசாயிகள் 15 நாள் கம்பெனிக்கு ஒரு சொட்டுப் பால் ஊற்றவில்லை. அன்றாடங்காய்ச்சிகளுக்கு இது லேசான காரியமா? கடைசியில் அரசு இறங்கி வந்தது.

திரிபுவன்தாஸ் ஊர் ஊராக நடந்து சங்கங்களை அமைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 14-ந் தேதி மாவட்டப் பால் சங்கம் பதிவாயிற்று. பின்னாளில் 'அமுல்' என்று பெயர் பெற்றது இதுதான். 1948-ல் இரண்டே கிராமங்கள். தினம் சுமார் 250 லிட்டர் பால். எந்தச் சாதியானாலும் ஒரே வரிசை. கொழுப்புச் சத்தை அளந்து பணம்.

ஆனந்தை விட்டுக் கிளம்ப இருந்த கோழிக்கோட்டு இளைஞர் குரியனைத் தடுத்து நிறுத்தி, நிர்வாகத்தை ஒப்படைத்தவரும் இவரே.

1970-களின் தொடக்கத்தில் இவர் ஓய்வு பெற்றபோது, உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு 6 லட்சம் ரூபாய் பண முடிப்பு அளித்தனர். அதைக் கொண்டு கிராமத்துத் தாய்மார், குழந்தைகள் நலனுக்காக அறக்கட்டளை நிறுவினார். 1994-ல் காலமானார்.