மெல்ல ஊர்ந்து வென்ற கேப்டன்

நீர்மூழ்கிக் கப்பல்களைத் துரத்தும் கணினி விளையாட்டுகளை இடைநிலைப்பள்ளி நாள்களிலிருந்து விளையாடி வருகிறேன். அவற்றில் எதிரியைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமானது, கண்டுபிடித்த எதிரியைக் கைநழுவ விடாமல் இருப்பது. நிஜக் கடலிலும் இதே சிக்கல் இருந்தது. அதற்கு விடை கண்டவர் பிரிட்டிஷ் கடற்படையின் கேப்டன் ஃபிரெடரிக் ஜான் வாக்கர்.

1896இல் பிளிமத்தில் பிறந்த வாக்கர், நீர்மூழ்கி எதிர்ப்புப் போரைத் தம் துறையாகத் தேர்ந்தெடுத்தார். பெரிய போர்க்கப்பல்களுக்கு இருந்த மவுசு அன்று அந்தத் துறைக்கு இல்லை. பதவி உயர்வும் அவரைத் தாண்டிப் போனது. 1939இல் போர் தொடங்கிய பிறகும், காவல் கப்பல் அணி ஒன்றின் பொறுப்பு அவர் கைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

1941 டிசம்பரில் ஜிப்ரால்டரிலிருந்து பிரிட்டனுக்குப் புறப்பட்ட 32 வணிகக் கப்பல்களுக்கு அவர் காவலாகச் சென்றார். இரண்டு வணிகக் கப்பல்கள் மட்டுமே மூழ்கின. ஜெர்மானியர்கள் பல நீர்மூழ்கிகளை இழந்தனர்.

ஆனாலும், அவருடைய உத்தி ஒன்றில் ஓட்டை இருந்தது. தாக்கிய நீர்மூழ்கி கப்பல் கூட்டத்திற்கு வெளியே தப்பி ஓடும் என்று அது கருதியது. 1942இல் லிவர்பூலில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸும் கடற்படையின் இளம் பெண்களும் தரையில் கடலை வரைந்து, கப்பல் மாதிரிகளை நகர்த்தி அந்தத் தாக்குதலை ஆராய்ந்தனர். எதிரி பின்புறமாகக் கூட்டத்திற்குள்ளேயே நுழைந்து தாக்குவது அப்போதுதான் புரிந்தது. அதற்கேற்ற புதிய உத்தி பிறந்தது. இன்றைய கணினி விளையாட்டுகளுக்கு அந்தத் தரை விளையாட்டை முன்னோடி எனலாம்.

வாக்கரின் பெயர் சொல்லும் உத்தி 1943இல் வந்தது. ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் ஆஸ்டிக் கருவி, கப்பல் மிக அருகே நெருங்கியதும் ஆழத்தில் இருக்கும் எதிரியைத் தவறவிடும். வேகமாக வரும் கப்பலின் சுழலி ஓசையைக் கேட்டு நீர்மூழ்கியும் திசை திருப்பித் தப்பிவிடும். வாக்கர் வேலையை இரண்டாகப் பிரித்தார். ஒரு கப்பல் தொலைவில் நின்று எதிரியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னொன்று ஆஸ்டிக்கை அணைத்து, மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் ஊர்ந்து சென்றது. முதல் கப்பல் சைகை காட்டியதும் குண்டுகள் கடலில் இறங்கின. கீழே இருந்தவர்களுக்குத் தலைக்கு மேல் கப்பல் வந்ததே தெரியவில்லை.

1944 தொடக்கத்தில், ஒரே பயணத்தில் அவருடைய அணி ஆறு நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது.

விளையாட்டுத் திரையில் நீர்மூழ்கி என்பது வெறும் புள்ளி. ஆனால், உண்மையான நீர்மூழ்கி ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் வரை இருந்தனர். இது வாக்கருக்குத் தெரியாததல்ல. அவருடைய மகன் டிமோத்தியும் பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்றில் பணிபுரிந்தவர். 1943 ஆகஸ்டில் மத்தியதரைக் கடலில் அந்தக் கப்பலோடு அவர் மறைந்தார். அதன் பிறகும் தந்தை கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தார்.

ஓயாத உழைப்பால் உடல் தளர்ந்த வாக்கர், 1944 ஜூலை 9இல் 48 வயதில் பக்கவாதத்தால் இறந்தார். எதிரியின் குண்டு எதுவும் அவரைக் கொல்லவில்லை. அவரது உடல் லிவர்பூல் விரிகுடாவில் கடலுக்கே ஒப்படைக்கப்பட்டது. பதவி உயர்வு தாண்டிப் போன காலத்திலும் தம் துறையை விடாமல் பற்றியிருந்த அந்தப் பொறுமையே, அவருடைய வெற்றிகளைவிட என்னை அதிகம் கவர்கிறது.