ஒப்பந்த மேசையில் ஒரு கோவைத் தமிழர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த சட்டச் சொல் ஒன்று உண்டு. அது ஒப்பந்தம். 1964-ஆம் ஆண்டு இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா இசைந்தது. அந்த எண்ணிக்கையில் ஒருவராகக் கப்பலேறி, இந்த நீலகிரிக்கு வந்து மறுபடியும் தேயிலைச் செடியையே பிடித்தவர் என் தாத்தா. அவருடைய பேரனாகிய நான்தான் எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள்.

சென்ற ஆண்டு நம் பேராசிரியர் ஒருவர், பன்னாட்டுப் பொருளாதாரத்தையும் பன்னாட்டுச் சட்டத்தையும் இணைத்துக் கற்பிக்கும் மேற்படிப்பு பற்றி வகுப்பில் பேசினார். அது சீமைக்காரர்களின் படிப்பு, நமக்கு எதற்கு என்று நினைத்தேன். பிறகுதான் மலைக்குக் கீழேயுள்ள கோவையில் பிறந்த ஒருவர், அப்படியொரு பட்டம் இல்லாத காலத்திலேயே, அந்த இரு கல்வியையும் கொண்டு உலக மேசைகளில் அமர்ந்தவர் என்று அறிந்தேன். அவர்தாம் சர் ஆர். கே. சண்முகம் செட்டியார்.

1892 அக்டோபர் 17-ஆம் நாள் கோவையில் வணிகக் குடும்பத்தில் பிறந்த அவர், சென்னை கிறித்துவக் கல்லூரியிலும் சென்னை சட்டக் கல்லூரியிலும் பயின்றார். கோவை நகரசபையில் தொடங்கிய அவருடைய பொதுவாழ்வு, சென்னை சட்டசபை வழியாக டில்லி மத்திய சட்டசபை வரை வளர்ந்தது. 1933-இல் அதன் தலைவராகவும் ஆனார். ஜெனிவாவில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடுகளுக்கும் இந்தியாவின் சார்பில் சென்று வந்தார்.

1932-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் பேரரசின் பொருளாதார மாநாடு கூடியது. இந்தியக் குழுவில் அவரும் ஒருவர். பேரரசு நாடுகள் தமக்குள் ஒன்றன் சரக்குக்கு மற்றொன்று வரிச்சலுகை கொடுப்பது என்பதே அங்கு எழுந்த ஒப்பந்தம். பிற நாட்டுத் தேயிலையைவிட இந்தியத் தேயிலைக்குப் பிரிட்டனில் குறைந்த வரி என்பதும் அதில் அடங்கும். நம் மலைச்சரிவில் கொழுந்து கிள்ளிய கைகளுக்கும் அந்த வரிக்கும் தொடர்பில்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் இந்தியா கொடுத்தது அதிகம், பெற்றது குறைவு என்று தேசியவாதிகள் அந்த ஒப்பந்தத்தைக் கண்டித்தனர். 1934 தேர்தலில் சண்முகம் செட்டியார் தோற்றபோது, ஒட்டாவாவுக்கு அவர் துணை நின்றதும் தோல்விக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அவருடைய அறிவில் யாரும் குறை காணவில்லை. அந்த மேசைக்கு அவரை அனுப்பியது மக்களா, அந்நிய அரசா என்பதே கேள்வி. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன்.

1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். நம் நீலகிரித் தேயிலை கப்பலேறும் கொச்சித் துறைமுகம் 1936-இல் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது அவர் காலத்தில்தான்.

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடி, பன்னாட்டு நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் அடித்தளமிட்டன. அங்கும் இந்தியக் குழுவில் அவர் இருந்தார். போர்க்காலத்தில் இந்தியா தந்த பொருள்களுக்காகப் பிரிட்டன் கொடுக்கவேண்டிய பெருங்கடனைத் தீர்க்க நிதியம் வழிசெய்ய வேண்டும் என்று இந்தியக் குழு வாதாடியது, பலிக்கவில்லை.

1947-இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனார். நேருவின் கட்சியைச் சேராதவருக்கு அந்தப் பொறுப்பு வந்தது அவருடைய திறமைக்குச் சான்று. அந்த ஆண்டு நவம்பர் 26-இல் நாட்டின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்தார். 1948 ஜூலையில் அதே போர்க்கடன் குறித்து இலண்டனில் பிரிட்டனுடன் உடன்பாடு கண்டார். இம்முறை அவரை அனுப்பியது ஒரு சுதந்திர நாடு.

அதற்கு முந்தைய மாதம்தான் நம் உதகையிலும் ஓர் உலக மேசை போடப்பட்டது. ஐ.நா.வின் ஆசிய, தூரக் கிழக்குப் பொருளாதார ஆணையத்தின் மூன்றாவது கூட்டம் 1948 ஜூனில் இங்கு நடந்தது. நேரு வந்து பேசினார். ஆணையத்தின் செயலாளராக இருந்த பி. எஸ். லோகநாதனும் தமிழரே. நாம் அன்றாடம் நடந்து போகும் ஊரில் இப்படியொன்று நடந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வருமான வரி விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதால் எழுந்த சர்ச்சையில், 1948 ஆகஸ்டில் சண்முகம் செட்டியார் பதவி விலகினார். குறையில்லாத வாழ்வு என்று நான் கூற வரவில்லை. பின்னர் தமிழிசைக்கும் சிலப்பதிகாரத்துக்கும் மனத்தைக் கொடுத்து, 1953 மே 5-இல் மறைந்தார்.

நண்பர்களே! தேயிலைக்கு வரி எவ்வளவு, தொழிலாளி எந்த நாட்டுக் குடிமகன் என்பவையெல்லாம் எங்கோ ஒரு மேசையில் எழுதப்படுகின்றன. கணக்கு மட்டும் தெரிந்தவர் அங்கே எழுதும் சொல்லில் ஏமாறுவார். சட்டம் மட்டும் தெரிந்தவர் எண்ணில் ஏமாறுவார். இரண்டும் தெரிந்தாலும், யாருக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்தால் ஒட்டாவாவின் கேள்வி நம்மையும் துரத்தும்.

பட்டம் பெற்றதும் அந்த மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். அரசுத் தேர்வு எழுதி வேலைக்குப் போ என்கிறார் அப்பா. வீட்டு நிலைமை அப்படி. தாத்தாவிடம் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: அந்தப் படிப்பு படித்தவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தோட்டத்துக்கு வந்து எங்களையும் ஒரு வார்த்தை கேட்பார்களா என்று. கேட்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.